இளவரசர் செய்த விவசாயம்

இன்று பிரிட்டிஷ் மன்னராக வீற்றிருக்கும் சார்லஸ், இளவரசராக இருந்த காலத்தில், 1980-களின் மத்தியில், கிளாஸ்டர்ஷர் பிரதேசத்தில் ஹைகுரோவ் மாளிகையை அடுத்த தமது பண்ணையில் ரசாயன உரத்தையும் பூச்சிமருந்தையும் விலக்கிப் பயிர் செய்யத் தலைப்பட்டபோது, பலர் அவரைப் பரிகசித்தார்கள். அவரோ பின்வாங்காமல், படிப்படியாக, 1996-இல் பண்ணை முழுவதையும் இயற்கை விவசாயத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அங்கே யூரியாவின் ஸ்தானத்தை வகித்தது, அவரை இனத்தைச் சேர்ந்த குளோவர் என்னும் தீவனச் செடி. அதன் வேரைப் பிடுங்கிப் பார்த்தால் கடுகளவு முடிச்சுகள் தென்படும். நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. அந்த நிறமே, அங்கு வாசம் செய்யும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு ஆகாரமாக்கும் அற்புத காரியத்தில் ஈடுபட்டிருப்பதற்கு அடையாளம்.

இயற்கை விவசாயத்துக்கு மாறுகின்ற ஆண்டுகளில் விளைச்சல் குறையும். இயற்கை விளைபொருளென்ற சான்றும் உடனே கிட்டாது. அந்த நஷ்டத்தைத் தாங்கும் சக்தி சிறு குடியானவனுக்கு இல்லை, இளவரசருக்கு இருந்தது. ஆதலால் செல்வமும் கீர்த்தியும் படைத்தவர்கள் இத்தகைய பரீட்சையைத் தங்கள் நிலத்தில் நடத்துவதை நான் மனப்பூர்வமாக வரவேற்கிறேன். இத்தகைய விளைபொருள்களை விற்பதற்காக 1990-இல் சார்லஸ் ஸ்தாபித்த டச்சி ஒரிஜினல்ஸ் நிறுவனம் முதன்முதலில் கடைக்கு அனுப்பியது ஓட்ஸ் பிஸ்கட். அதன் லாபம் தர்ம காரியங்களுக்குச் சென்றது.