வால்வுக்குக் கட்டளை எப்போது எட்டும்?

(ஆம்பூரை அடுத்த பஞ்சாயத்து உறுப்பினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



பாலாற்றங்கரையில் குடிநீரைப் பற்றிப் பேசுவோர் உப்பை மறந்து பேச இயலாது. தோல் பதனிடும் சாலைகளின் கழிவு இப்பகுதி நிலத்தடி நீரைக் கெடுத்ததை 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே எடுத்துரைத்தது. ஆகவே, கிணற்றில் உப்பு ஏறியவுடன் அலுவலகத்திலிருந்தே வால்வை மூட வழியுண்டா என்று உங்களில் பலர் வினவுகிறீர்கள். அதற்கென ‘லோராவான்’ என்னும் கம்பியில்லாக் கருவிகளை விற்க வருவோரும் உளர்.

செய்தி மேலேறுவதில் இம்முறைக்குக் குறைவில்லை. சிறு மின்கலத்தைக் கொண்டு, உரிமம் தேவையற்ற 865 மெகாஹெர்ட்ஸ் வரிசையில், கருவி சில கிலோமீட்டர் தூரம் பேசும். கட்டளை கீழிறங்குவதில்தான் சங்கடம். மின்கலத்தைச் சேமிக்கும் பொருட்டு, கருவி எந்நேரமும் செவியை மூடியே வைத்திருக்கும். தன் செய்தியைச் சொன்னபின், வழக்கமாக முதல் விநாடியில் ஒரு தரமும், இரண்டாம் விநாடியில் மறுதரமும் கணநேரம் செவி திறக்கும். மணிக்கொரு முறை பேசும் கருவிக்கு நீங்கள் அனுப்பும் கட்டளை, ஏறக்குறைய ஒரு மணி நேரம் காத்துக்கிடக்க நேரலாம்.

சென்ற கோடையில் ஓர் ஊரில் இதனை நேரில் கண்டோம். ஊர்ப் பெயர் வேண்டாம். மேல்நிலைத் தொட்டி நிரம்பிய செய்தி அதிகாலையில் வந்தது. மோட்டாரை நிறுத்தும்படி பொத்தானை அழுத்தினோம். அடுத்த மணியில் சென்றிருக்க வேண்டிய கட்டளை அதற்கும் அடுத்த மணியில்தான் சென்றது. தண்ணீர்ப் பஞ்ச காலத்தில் தெரு நனைந்தது! விசாரித்தபோது, வட்டாரத்துக் கருவிகள் யாவும் ஒவ்வொரு செய்திக்கும் ரசீது கேட்கும்படி அமைக்கப்பட்டிருந்தன. கோபுரத்து நிலையம் ஒரே சமயத்தில் பலர் பேசுவதைக் கேட்கும். ஆனால் பதிலை ஒருவருக்கே சொல்லும். சொல்லும்பொழுது எவர் பேச்சும் அதன் காதில் விழாது. தொலைவிலுள்ள கருவிக்கு மெதுவாகப் பேச வேண்டியிருப்பதால், பத்து எழுத்துச் செய்திக்கே ஒன்றரை விநாடி செல்லும். ரசீதுகளின் நெரிசலில் நம் கட்டளை நின்றுவிட்டது. உலகெங்கும் ஆர்வலர் நடத்தும் ‘தி திங்ஸ் நெட்வொர்க்’ என்னும் பொது வலையில், ஒரு கருவிக்கு நாளொன்றுக்குப் பத்துக் கட்டளைகளே என்று வரம்பிட்டிருப்பதும் இக்காரணம் பற்றியே.

இன்னொரு வேடிக்கை: மோட்டார் அறையில் மின்சாரம் இருந்தும், மின்கலக் கருவியையே பொருத்தியிருந்தனர். மின்சாரம் உள்ள இடத்தில் எப்போதும் செவி திறந்திருக்கும் ‘சி’ வகுப்புக் கருவியை வைக்கலாம். நாம் அதனை மாற்றினோம். அவசியமற்ற ரசீதுகளை நிறுத்தினோம். தொட்டியில் சாதாரண மிதவைச் சுவிட்சும் வைத்தோம். கட்டளை வாராவிடினும் மோட்டார் தானே நிற்கும். உப்பு வால்வுக்கும் இவ்விதமே, வரம்பு மீறினால் கருவி அவ்விடத்திலேயே தீர்மானித்து மூட வேண்டும். செய்தி பிறகு வரட்டும்.

வெளியே மேஜைமீது இருவகைக் கருவிகளும் வைக்கப்பட்டுள்ளன. விநாடிமுள் உள்ள கடிகாரத்துடன் சென்று, நீங்களே பொத்தானை அழுத்திப் பாருங்கள்.