சேறு என்றால் சேறு, ஆறு என்றால் ஆறு

இலக்கிய உரை என்று சொல்லிவிட்டு, இந்த மனிதன் கொக்கையும் முதலையையும் பற்றிக் கதைக்கப் போகிறானே என்று நீங்கள் முகஞ்சுழிக்கக் கூடாது. ஒரு நூலைப் பற்றியும், அதன் தலைப்பில் உள்ள ஒரு சொல்லைப் பற்றியும்தான் சொல்ல வந்திருக்கிறேன். அந்த நூலுக்குப் போகும் பாதை சற்றுச் சேறானது, அவ்வளவுதான்.

என் மகளும் மருமகனும் அமெரிக்காவின் தென்கிழக்குக் கோடியிலுள்ள புளோரிடா மாநிலத்தில் வசிக்கிறார்கள். பேரன் பிறந்த வருடம் நானும் மனைவியும் போய் மூன்று மாதங்கள் தங்கினோம். முதல் சனிக்கிழமை மருமகன் கேட்டார்: "மாமா, டிஸ்னி வேர்ல்ட் காட்டட்டோ, காடு காட்டட்டோ?" காடு என்றேன். அந்த ஒரு மாநிலத்தில் மாத்திரம் மூன்று தேசியப் பூங்காக்களும் 170க்கு மேற்பட்ட மாநிலப் பூங்காக்களும் உண்டு. அவற்றுள் நான் பார்த்தவை ஐந்தாறு. அதற்கே முழங்கால் தகராறு பண்ணத் தொடங்கிவிட்டது.

முதலில் போனது காடன்று, கோட்டை. 1565இல் ஸ்பானியர் அமைத்த சென் ஓகஸ்ரின் நகரில், 1672இல் கட்டத் தொடங்கிய சான் மார்க்கோஸ் கோட்டை. அதன் சுவரைத் தொட்டதும் எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. சிறு சிப்பிகள் இறுகிக் கல்லான கல் அது. யாழ்ப்பாணக் கோட்டையின் முருகைக்கல்லுக்குத் தம்பி முறை என்று வையுங்கள். 1702இல் ஆங்கிலேயர் முற்றுகையிட்டபோது பீரங்கிக் குண்டுகள் அந்தச் சுவரைப் பிளக்கவில்லையாம், உள்ளே புதைந்துபோயினவாம். வழிகாட்டி இதைத்தான் விரிவாகச் சொன்னார்.

எனக்கு மறக்க முடியாதவை வேறு. சமாதானம் பேச வெள்ளைக் கொடியோடு வந்த செமினோல் தலைவர் ஒசியோலா 1837இல் அந்தக் கொடியின் கீழேயே பிடிக்கப்பட்டு இங்குதான் அடைக்கப்பட்டார். அடுத்த வருடம் வேறொரு கோட்டையில் சிறையிலேயே இறந்தார். பின்னர், 1875 முதல் 1878 வரை, தொலைவிலுள்ள மேற்குச் சமவெளிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட எழுபதுக்கு மேற்பட்ட சுதேசிகள் இதே சுவர்களுக்குள் சிறையிருந்தார்கள். கணக்குக் கொப்பிகளில் அவர்கள் குதிரைகளையும் காட்டெருமைகளையும் தாங்கள் இழந்த வெளிகளையும் வரைந்தார்கள். அந்தச் சித்திரங்கள் இன்று அரும்பொருட்சாலைகளில் இருக்கின்றன. கூரையில்லாத முற்றத்தில் நின்று கொண்டு, வெளி இல்லாத இடத்தில் வெளியை வரைவது எப்படியிருந்திருக்கும் என்று நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன். மருமகன் இரண்டு தரம் வந்து கூப்பிட்டார்.

இரண்டு வாரம் கழித்துத் தெற்கே எவர்கிளேட்ஸ் போனோம். நூல் இங்கேதான் வருகிறது.

பெரும் மரங்களை எதிர்பார்த்துப் போன எனக்கு முதலில் ஏமாற்றம். கண்ணுக்கெட்டிய தூரம் புல், அதன் அடியில் அசையாததுபோல் கிடக்கும் நீர், ஆங்காங்கே மேடாக மரக்கூட்டங்கள். பலகை நடைபாதையின் ஓரத்தில் பாம்புத்தாரா ஒன்று சிறகை விரித்து, கழுவிய சால்வையைக் கொடியில் போட்டதுபோலக் காய வைத்துக்கொண்டிருந்தது. கீழே ஒரு முதலை. மனைவி என் கையைப் பிடித்தவர் வாகனத்துக்குத் திரும்பும்வரை விடவில்லை. குனிந்து ஒரு புல்லை இழுத்தேன், விரலை அறுத்துவிட்டது. அரம்போலப் பல்லுள்ள விளிம்பு. உண்மையில் அது புல் இனமன்று, கோரை இனம் என்று அங்கிருந்த பலகை சொல்லிற்று. நாங்கள் பாய் இழைக்கும் கோரையின் தூரத்துச் சொந்தம்.

ஒக்கிச்சோபி என்னும் பெரிய ஏரியிலிருந்து வழியும் நீர், சுண்ணக்கல் தரையின்மேல், சில இடங்களில் 60 மைல் வரை அகலமாகப் பரந்து, தெற்கே கடலை நோக்கி நகர்ந்த நிலம் அது. ஆழம் பெரும்பாலும் முழங்கால் அளவு. வேகம் கண்ணுக்குத் தெரியாது. தெரியாத காரணத்தால்தான் எல்லோரும் அதைச் சதுப்பு நிலம் என்றார்கள். சதுப்பு என்றால் என்ன செய்யவேண்டும்? வடிக்கவேண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வடித்துக் காட்டுகிறேன் என்று சொல்லியே ஒருவர் மாநில ஆளுநர் தேர்தலில் வென்றார். நெப்போலியன் பொனபார்ட் புரோவார்ட் என்பது அவர் பெயர். நான் கற்பனை செய்யவில்லை. வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. 1928இல் குறுக்கே ஒரு நெடுஞ்சாலை அணைபோல எழுந்தது.

மார்ஜரி ஸ்ரோன்மன் டக்ளஸ் என்ற பெண்மணி மயாமியில் தந்தையாரின் பத்திரிகையில் எழுதிப் பழகியவர். அமெரிக்க நதிகளைப் பற்றிய நூல் வரிசைக்கு மயாமி ஆற்றைப் பற்றி எழுதித் தரும்படி அவரைக் கேட்டார்கள். அந்த ஆறோ மிகச் சிறியது. அதன் பின்னால் இருப்பதை எழுதுகிறேன் என்றார் அவர். நீரியல் அறிஞர் ஒருவரைத் தேடிப்போய், இதனை ஆறு என்று சொல்லலாமா என்று கேட்டறிந்தார். 1947இல் நூல் வெளிவந்தது. அதன் தலைப்பு எவர்கிளேட்ஸைப் 'புல்லின் ஆறு' என்றது.

சதுப்பை வடிப்பவன் கெட்டிக்காரன். ஆற்றை மறிப்பவன் அப்படியா? நிலத்தில் எதுவும் மாறவில்லை, பெயர்ச்சொல் ஒன்றுதான் மாறிற்று. அதே வருட டிசெம்பரில் ஜனாதிபதி ட்ரூமன் அங்கு தேசியப் பூங்காவைத் திறந்துவைத்தார்.

ஒரு நூல் காட்டைக் காப்பாற்றியது என்று சொன்னால் எழுதுகிற எங்களுக்கு இனிக்கும். உண்மை அவ்வளவு இலேசானதன்று. பூங்காவுக்காக ஏனையோர் 1920களிலிருந்தே பாடுபட்டார்கள். நூல் வந்த மறு வருடமே, 1948இல், இன்னும் பெரிய நீர் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிற்று. பழைய எவர்கிளேட்ஸில் ஏறக்குறைய பாதி இன்று இல்லை. ஆயினும் டக்ளஸ் அம்மையார் விடவில்லை. 1969இல், 79 வயதில், அங்கு வரவிருந்த விமான நிலையத்துக்கு எதிராக ஒரு சங்கம் அமைத்தார். 1998இல் 108ஆவது வயதில் மறைந்தார். நீர் மீண்டும் ஓடுவதற்காக அந்த நெடுஞ்சாலையில் ஒரு மைல் நீளப் பாலம் 2013இல் முடிந்தது. இன்னொரு வேடிக்கை: அங்கே தாம் அதிகம் அலைந்ததில்லை, நுளம்பும் ஈரமும் ஒத்துவராது என்று அம்மையார் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்.

சொல் மாத்திரம் போதாது என்பதற்கு அங்கு ஒரு சாட்சி உண்டு. சீமாட்டிகளின் தொப்பிகளுக்காகக் கொக்குகளின் கூடுகட்டும் காலத்துச் சிறகுகள் பொன்விலை போன காலம். தாய்ப் பறவைகள் சுடப்பட, குஞ்சுகள் கூட்டிலேயே மடிந்தன. 1903இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் புளோரிடாவின் கிழக்குக் கரையிலுள்ள பெலிக்கன் தீவைக் கூழைக்கடாக்களுக்கென ஒதுக்கினார். அந்நாட்டின் முதலாவது தேசிய வனவிலங்குப் புகலிடம் அது. தெற்கே காவலராக இருந்தவர் கை பிராட்லி. சிறுவயதில் தாமே சிறகுக்காகக் கொக்குச் சுட்டவர். 1905 ஜூலையில் வேட்டைக்காரர் ஒருவரைப் பிடிக்கப் படகில் தனியே போனவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் மீது வழக்கு எடுக்கவே சான்றாயர் சபை மறுத்துவிட்டது.

திரும்பும் வழியில் ஒரு பார்வை மேடையில் ஏறினோம். பாஹேயோக்கி என்று பெயர் எழுதியிருந்தது. சுதேசிகளின் மொழியில் 'புல் நீர்' என்று பொருளாம். டக்ளஸ் புதிதாகக் கண்டதாக நான் வியந்த உவமை, அங்கு வாழ்ந்தவர்களின் வாயில் எப்போதோ இருந்திருக்கிறது. எழுதுபவர்கள் கேட்கவில்லை.

அந்த மேடையில்தான் எனக்கு நெஞ்சு இடித்தது. ஏனென்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊரின் மேற்கே ஒரு தரவை இருந்தது. மாரியில் முழங்கால் அளவு நீர் நிற்கும். தாராக்கள் வந்து இறங்கும். ஊரார் அதைத் தாராத் தரவை என்பார்கள். எங்கள் முன்னோர் நீரைப் பெயரில் எழுதி வைத்தவர்கள். கொக்குவில், இணுவில், கோண்டாவில் என்னும் பெயர்களிலுள்ள 'வில்' நீர்நிலையைக் குறிக்கும் என்று ஊர்ப்பெயர் ஆராய்ச்சியாளர் சிலர் கூறுவர். வில்பத்துக் காட்டின் இயற்கைக் குளங்களை இன்றும் வில்லு என்றே சொல்கிறோம். நான் இளம் ஆசிரியனாக இருந்தபோது வாசிகசாலை இளைஞர்கள் விளையாட்டு மைதானம் கேட்டார்கள். நல்ல தமிழ் எழுதுபவர் என்று மனு எழுதும் வேலை என்னிடம் வந்தது. எழுதினேன். மனு பலித்தது. கல்லும் மண்ணும் கொட்டித் தரவையை நிரப்பினார்கள். சில வருடங்களில் மேற்கு வளவுக் கிணறுகள் உவர்க்கத் தொடங்கின.

புளோரிடாவைப் போல எங்கள் குடாநாடும் சுண்ணக்கல் தரை. பரந்து நிற்கும் மழைநீர்தான் மெல்ல இறங்கி நிலத்தடி நன்னீராகிறது. மயாமி நகரம் குடிப்பது அத்தகைய நீரை. எங்கள் ஊரில் மேற்கு வளவுக்காரர் இப்போது குடிநீரை வவுசரில் எதிர்பார்த்து நிற்கிறார்கள்.

ஊர் திரும்பியதும் பழைய கோவைகளைக் கிளறி அந்த மனுவின் காபன் பிரதியைத் தேடி எடுத்தேன். இரண்டு பக்கம். தாராத் தரவை என்ற பெயர் அதில் ஓரிடத்திலும் இல்லை. "எவ்வித உபயோகமுமற்ற சேற்று நிலம்" என்று மூன்று இடங்களில் எழுதியிருக்கிறேன். மூன்றாவது இடத்தில், அழுத்தம் போதாதென்று நினைத்தேன்போலும், கீழே கோடும் இழுத்திருக்கிறேன்.