கணக்கில் ஏறாத கண்ணீர்

(காஞ்சிபுரம் படிப்பகம் ஒன்றில் ஆற்றிய உரை)

பட்டு நெய்யும் நம் ஊரிலே, பாவுக்கும் ஊடைக்கும் கணக்குச் சொல்லத் தெரியாத நெசவாளி இல்லை. ஓர் இழை அறுந்தாலும் தறியை நிறுத்திப் பிணைத்த பிறகே மேலே நெய்வான். ஆனால், சென்ற ஆண்டு இவ்வூரிலே எத்தனை புகார்கள் காவல் நிலையத்தின் படியேறின, எத்தனை வழக்குகளாயின என்று கேட்டால், விடை கூறுவார் யார்?

குற்றக் கணக்கு நாட்டிலே இல்லாமலில்லை. 1953ஆம் ஆண்டு முதல் தொகுக்கப்படுகிறது. 1986இல் தேசியக் குற்ற ஆவணக் காப்பகமும் அமைந்தது. அந்த ஏட்டிலே பெருநகரங்களுக்குத் தனிப் பட்டியல் உண்டு, காஞ்சிக்கு இல்லை. மாவட்டம் எனும் கடலிலே கரைந்த துளி நம் ஊர்!

அந்த மாவட்டமேனும் நிலைத்து நின்றதா? 1997இல் பழைய செங்கற்பட்டு மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாயிற்று. 2019இல் காஞ்சியிலிருந்து செங்கற்பட்டு பிரிந்தது. எண் தேய்ந்தது குற்றம் தேய்ந்ததாலா, எல்லை தேய்ந்ததாலா? அதே 2019இல் அத்திவரதரைக் காண 48 நாட்களிலே ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வந்தனர். அவ்வாண்டின் களவுகளை ஊர் மக்கள் தொகையால் வகுத்தால், கிடைப்பது உண்மையாகுமா?

இவற்றினும் பெரிய இடர், ஏட்டுக்கே வராத புகார். முன்பணம் வாங்கித் தறியோடு கட்டுண்ட குடும்பம் ஒன்று முறையிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘கொடுக்கல் வாங்கல் தகராறு’ என்று பேசி அனுப்பிவிட்டால், 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் எண் பூஜ்யம்! அந்தப் பூஜ்யத்தைக் காட்டியே, கொத்தடிமை ஒழிந்தது என்றும் உரைப்பர்.

கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய புகாரைப் பதிந்தே ஆகவேண்டும் என்று 2013இல் உச்சநீதிமன்றம் கூறிற்று. முதல் தகவல் அறிக்கையை, மறைக்க வேண்டியவை நீங்கலாக, 24 மணி நேரத்திலே இணையத்தில் ஏற்றுக என்று 2016இல் பணித்தது. வழி திறந்திருக்கிறது, நடப்பார்தான் வேண்டும்.

நம்மிடமும் பிழை உண்டு, தோழர்களே! எண் ஏறினால் ஊர் கெட்டது என்று மேடையிலே முழங்குகிறோம். நேர்மையாகப் பதிந்த நிலையம் பழி சுமக்கிறது. மறைத்த நிலையம் மாலை பெறுகிறது. ஏறிய எண், ஏழையின் சொல் ஏட்டில் ஏறியதற்கும் அடையாளமாகலாம் அன்றோ?

ஆகவே, புகார் கொடுக்க அஞ்சுவோருக்குத் துணை செல்லுங்கள். சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டுப் பெறுங்கள். 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின்படி, சிவகாஞ்சிக்கு எத்தனை, விஷ்ணுகாஞ்சிக்கு எத்தனை என்று நிலையவாரியாகக் கேளுங்கள்: வந்த மனு, தந்த ரசீது, பதிந்த வழக்கு. பாதிக்கப்பட்டோர் பெயர் நமக்கு வேண்டாம், எண்ணிக்கை போதும்.

அறுந்த இழையைக் கண்டவனே பிணைக்க முடியும். காணப் புறப்படுவோம்!