சான்றிதழ் யார் பேரில்?

(கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் கூட்டத்தில் நமது சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)

   

1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணைத் தண்ணீரில்தான் நம்ம பள்ளத்தாக்கு நெல்லும் வாழையும் திராட்சையுமாக விளைகிறது. அந்தத் தண்ணிக்காக 2011 டிசம்பரில் குமுளியை நோக்கித் திரண்டு போனோம். இப்போது ஒரு காகிதத்துக்காகவும் திரள வேண்டியிருக்கிறது. அந்தக் காகிதத்தின் பேர் சான்றிதழ்.

அது என்ன சான்றிதழ்? 1997-ல் ஐரோப்பாவின் பெரிய கடைக்காரர்கள் கூடி 'யூரெப்கேப்' என்று ஒரு விதிமுறையை உண்டாக்கினார்கள். 2007-ல் அது 'குளோபல்கேப்' ஆனது. எந்த மருந்து, எத்தனை மில்லி, எந்தத் தேதி அடித்தோம் என்று நோட்டில் எழுதணும். மருந்தைப் பூட்டி வைக்கணும். அடித்தபின் இத்தனை நாள் கழித்துத்தான் அறுக்கணும். வேலைக்கு வருகிறவர்களுக்குக் கழிப்பறையும் கை கழுவத் தண்ணியும் இருக்கணும். ஆண்டுக்கு ஒரு தடவை ஆள் வந்து சோதிப்பார்கள்.

இதுக்கெல்லாம் நாம் எதிரியா? இல்லவே இல்லை. வெறுங்காலோடு, மூக்கில் துணிகூடக் கட்டாமல் மருந்தடித்து மயங்கி விழுந்தவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் நாம். மண்ணும் தண்ணியும் கெடக் கூடாது என்பதில் நம்மைவிட அக்கறை யாருக்கு? நம் கேள்வி ஒன்றே ஒன்றுதான். சான்றிதழ் யார் பேரில்?

நம்மில் சிலர் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியை நம்பி ஜி-9 வாழை போட்டோம். நோட்டு எழுதினோம். மருந்துக்குத் தனி அறை கட்டினோம். தாருக்கு உறை மாட்டினோம். சோதனையில் தேறினோம். ஒரு பருவத்தில் விலை சரிந்ததும் கம்பெனி ஆள் போனை எடுக்கவில்லை. சரி, வேறு வியாபாரியிடம் கொடுப்போம் என்று சான்றிதழைக் கேட்டால் என்ன சொன்னாங்க தெரியுமா? "அது கம்பெனி பேர்ல இருக்குங்க, உங்களுக்குத் தர முடியாது!" கழுவிச் சுத்தம் பார்த்த காயை உள்ளூர் மண்டி விலைக்கே தள்ளினோம். உழைப்பு நம்முது, காகிதம் அவங்களுது!

கட்டணத்தைக் கம்பெனி கட்டுகிறது, அதனால் அதன் பேரில் வாங்குகிறது என்பார்கள். குளோபல்கேப் விதிப்படியே தனி விவசாயியும் வாங்கலாம், விவசாயிகள் குழுவாகவும் வாங்கலாம். தனி ஆளுக்குச் செலவு தாங்காது. குழுவாகச் சேர்ந்தால் தாங்கும். சேராததுதான் நம் குற்றம்.

விதியை எழுதுவது ஒரு இடம், நட்டம் விழுவது வேறு இடம். 2010-ல் நடந்ததை மறக்க வேண்டாம். மகாராஷ்டிரத் திராட்சை ஐரோப்பாவுக்குப் போனது. குளோர்மெகுவாட் என்ற வளர்ச்சி ஊக்கியின் எச்சம் இருக்கிறது என்று திருப்பினார்கள். இங்கே சோதிக்க வேண்டிய பட்டியலில் அந்தப் பேரே அப்போது இல்லை! அடி யார் தலையில் விழுந்தது? கொடி கட்டிய விவசாயி தலையிலும்தான்.

இப்போது காலம் மாறுகிறது தோழர்களே. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய இயற்கை வேளாண் சட்டம், குழுச் சான்று வேண்டுமானால் அது விவசாயிகளே உறுப்பினராக உள்ள, சட்டப்படி பதிவு பெற்ற குழுவாக இருக்க வேண்டும், 2,000 பேருக்கு மேல் போகக்கூடாது என்கிறது. நம் நாட்டின் இயற்கை உற்பத்தித் திட்ட விதிகளும் 2025 ஜனவரியில் திருத்தப்பட்டு, குழுவுக்குச் சட்டப்பூர்வ அந்தஸ்து கேட்கின்றன. கதவு திறந்திருக்கிறது. நாம் நுழையாவிட்டால், நம் பேரில் பெயரளவுக்கு ஒரு குழுவைப் பதிந்து வேறு ஆள் நுழைவான்!

உள்ளூர் விற்பனைக்கு 2011-ல் வந்த பி.ஜி.எஸ். முறை இருக்கிறது. 5 விவசாயிகள் சேர்ந்தாலே குழு. ஒருவர் தோட்டத்தை மற்றவர் பார்த்துச் சான்று சொல்லலாம். ஏற்றுமதிக்கு அது செல்லாது, ஆனால் பழகிக்கொள்ள நல்ல பள்ளிக்கூடம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததும் நமக்குத் தெரியும். பட்டாசு வெடித்தோம், சரி. அந்தக் குறியீட்டைப் பெட்டியில் ஒட்ட, பயன்படுத்துவோராக ஒவ்வொருவரும் பேர் பதிய வேண்டும். இந்தக் கூட்டத்தில் பதிந்தவர்கள் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம்!

ஆகவே நாம் கோருகிறோம்:

1. சான்றிதழ் விவசாயிகள் குழுவின் பேரில் இருக்க வேண்டும். கம்பெனி பணம் கட்டினாலும், உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் நகல் தர வேண்டும்.

2. ஒப்பந்தம், பதிவேடு, சோதனை அறிக்கை எல்லாம் தமிழில் வேண்டும்.

3. சான்று பெற்ற விளைச்சலுக்கு எவ்வளவு கூடுதல் விலை என்பதை நடவுக்கு முன்பே எழுதித் தர வேண்டும்.

4. எச்சப் பரிசோதனைக் கட்டணத்தை வாங்குபவரே ஏற்க வேண்டும்.

5. விதைச் சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறையும் தோட்டக்கலைத் துறையும் ஊர் ஊராக முகாம் போட்டு, குழுப் பதிவையும் குறியீட்டுப் பதிவையும் முடித்துத் தர வேண்டும்.

இந்த மனுவோடு கலெக்டர் ஆபீஸில் நடக்கும் அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு எல்லோரும் திரண்டு போவோம். கூடலூர், சுருளிப்பட்டி, ராயப்பன்பட்டி, ஓடைப்பட்டி, சின்னமனூர் என்று எல்லா ஊரிலிருந்தும் வாருங்கள். அதுவரை ஒரு வேலை: ஆளுக்கொரு நோட்டு வாங்கி, அடிக்கிற மருந்தை இன்றிலிருந்தே எழுதுங்கள். நோட்டு நம் கையில் இருந்தால்தான் சான்றும் நம் கைக்கு வரும். படிக்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்!

உழைப்பு நமது! சான்றும் நமதே!
ஒன்றுபடுவோம்! வென்று காட்டுவோம்!