அக்காவோட பழைய லேப்டாப்பும் மூணு நாள் லினக்ஸும்

இன்னைக்கு பெரிய டெக் விஷயம் எதுவும் இல்லை. ஒரு பழைய லேப்டாப், பொங்கல் லீவுல மூணு நாள், அவ்வளவுதான்.

எங்க வீடு திருவதிகை, பண்ருட்டி பக்கம். அக்கா 2012-ல பிளஸ் டூ முடிக்கும்போது கிடைச்ச அரசு லேப்டாப் பீரோவுக்கு மேல தூங்கிட்டு இருந்தது. தங்கச்சி இப்போ குரூப் 4-க்குப் படிக்கிறா. எல்லா பிடிஎஃப்பும் போன்லதான், கண்ணு எரியுதுங்கிறா. "அண்ணா, இதை மட்டும் ஓட வச்சுக் குடுண்ணா." 2 ஜிபி ரேம். விண்டோஸ் ஆன் ஆகறதுக்குள்ள டீ போட்டுக் குடிச்சுடலாம். சரி, லினக்ஸ் போடுவோம்னு உட்கார்ந்தேன்.

வேடிக்கை என்னன்னா, 2011-ல அந்தத் திட்டம் தொடங்கினப்போ வந்த லேப்டாப்கள்ல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. சி-டாக் நிறுவனம் டெபியனை வச்சு உருவாக்கினது. அக்கா கிட்ட கேட்டா, "ஆன் பண்ணா எது வேணும்னு கேட்டுச்சுடா. புரியல. கடையில குடுத்து எடுக்கச் சொல்லிட்டேன்." அது என்னன்னு அவளுக்கு யாருமே சொல்லித் தரலையே, அவ என்ன பண்ணுவா?

முதல் நாள் உபுண்டு. மவுஸை நகர்த்தினா அம்பு அரை நிமிஷம் கழிச்சு நகருது. ரெண்டாம் நாள் லுபுண்டு, எடை குறைஞ்சது. வேகமா வந்தது, ஆனா வைஃபை இல்லை. உள்ள இருந்தது பிராட்காம் சிப். அதுக்கான ஃபர்ம்வேரை நெட்ல இருந்து இறக்கணுமாம். நெட் வர்றதுக்கே நெட் வேணும்! கடைசியில போனை யுஎஸ்பி கேபிள்ல மாட்டி டெதரிங் போட்டேன், உடனே வந்துடுச்சு. இது முதல்லயே தெரிஞ்சிருந்தா ஒரு சாயங்காலம் மிச்சம்.

மூணாம் நாள்தான் பயந்தேன். 'டிஸ்கை அழிக்கவா'ன்னு ஒரு ஆப்ஷன், சுலபமா கைக்கு எட்டுற மாதிரி. நெக்ஸ்ட் அழுத்தப் போனேன். அம்மா பின்னாடி நின்னு, "டேய், அப்பா போட்டோ எல்லாம் அதுலதானே இருக்கு?"ன்னாங்க. அப்பா இப்போ இல்லை. அந்தப் படங்களுக்கு வேற காப்பியும் இல்லை.

கையை எடுத்துட்டேன். லினக்ஸ்ல சி டிரைவ், டி டிரைவ்னு பேரே கிடையாது. எஸ்டிஏ1, எஸ்டிஏ5ன்னு வரும். எது எதுன்னு தெரியல. அப்புறம்தான் தோணுச்சு: இன்ஸ்டால் பண்ணாமலே, பென் டிரைவ்லயே லுபுண்டு ஓடிட்டுதானே இருக்கு! ஃபைல் மேனேஜர்ல ஒவ்வொண்ணா திறந்தேன். எஸ்டிஏ5-ல அப்பா, கெடிலம் ஆத்துப் பாலத்துல நின்னுட்டு இருக்கார். முதல்ல எல்லாத்தையும் இன்னொரு பென் டிரைவ்ல காப்பி பண்ணேன். பழைய விண்டோஸ் இருந்த இடத்துல மட்டும் லுபுண்டுவைப் போட்டேன்.

பாதியில கரண்ட் போச்சு. நெய்வேலி இவ்வளவு பக்கத்துல இருந்தும்! பேட்டரி எப்பவோ செத்துடுச்சு, திரும்ப முதல்ல இருந்து. ஆனா இந்தத் தடவை பதற்றமே இல்லை.

இப்போ தங்கச்சி அதுலதான் படிக்கிறா. தமிழ்99 கீபோர்டும் போட்டுக் குடுத்திருக்கேன். வைஃபை மட்டும் இன்னும் அப்பப்போ அறுந்துபோகுது; அப்போ போன் கேபிளை மாட்டிக்கிறா.