வெள்ளித் துணிக்கையும் விபா சௌத்ரியும்



கலத்தில் உருவாகும் புரதம் அகமுதலுருச் சிறுவலையிலிருந்து கொல்கிச் சிக்கலுக்குப் போய்ப் பின்னர் வெளியே சுரக்கிறது என்று மருத்துவபீடத்தில் பாடமாக்கினோம். அது எப்படித் தெரியவந்தது என்று கேட்கவில்லை. 1967 இல் ஜேமிசனும் பலாடேயும் சதையிக் கலங்களுக்குத் திரித்தியம் ஏற்றிய அமினோ அமிலத்தைக் கொடுத்தார்கள். மிக மெல்லிய வெட்டுகளின் மேல் புகைப்படக் குழம்பைப் பூசி இருட்டில் வைத்தார்கள். கதிர் பட்ட வெள்ளி புரோமைட்டுப் பளிங்கு, உருத்துலக்கியபின் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் கரும்புள்ளியாகத் தெரியும். புள்ளி இருக்கும் இடத்தை ஒட்டியே புரதமும் இருக்கும்.

எல்லாம் அந்தக் குழம்பின் கூருணர்வில்தான் தங்கியிருக்கிறது. பளிங்கு சிறிதானால் இடம் துல்லியமாகும். ஆனால் கதிர்கள் பல தடயமின்றித் தப்பிவிடும். ஆகவே வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இப்பணிக்குப் பேர்போன இல்போர்ட் எல்4 குழம்பின் பளிங்கு ஏறத்தாழ 0.14 மைக்ரோன்தான்.

இவ்வகைக் குழம்புகள் முதலில் மருத்துவத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அணுத்துணிக்கைகளையும் அண்டக் கதிர்களையும் பதியப் பௌதிகவியலாளர் கேட்டு வாங்கியவை. விபா சௌத்ரியின் கதை அங்கேதான் வருகிறது. 1936 இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் முதுமாணிப் பட்டம் பெற்றவர். அவ்வகுப்பில் அவர் ஒருவரே பெண். டி. எம். போசுடன் சேர்ந்து டார்ஜிலிங்கிலும் அதைவிட உயரமான சந்தக்பூவிலும் புகைப்படத் தட்டுகளை மாதக்கணக்கில் வைத்தார். பதிந்த தடங்களிலிருந்து, இலத்திரனைப்போல் ஏறக்குறைய 200 மடங்கு திணிவுள்ள துணிக்கை ஒன்றைக் கணித்தார்கள். 1941, 1942 ஆம் ஆண்டுகளில் முடிவுகள் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தன.

போர்க்காலம். கூருணர்வு மிக்க தட்டுகள் இந்தியாவுக்கு வரவில்லை. கையிலிருந்த மந்தமான தட்டுகளைக் கொண்டு மேலே போக முடியவில்லை. போர் முடிந்தபின் பிரிஸ்டலில் செசில் பவல் குழுவினர் அதே முறையை, இல்போர்ட் செறிவாக்கித் தந்த புதிய குழம்போடு செய்து, 1947 இல் பையோனைக் கண்டார்கள். பவலுக்கு 1950 இல் நோபல் பரிசு. போசும் சௌத்ரியும் முன்னோடிகள் என்பதை 1959 இல் தம் நூலில் அவரே குறிப்பிட்டார். அது அவருடைய நேர்மை. விபா மான்செஸ்டரில் கலாநிதிப் பட்டம் பெற்று நாடு திரும்பி, 1991 இல் மறையும்வரை பெரிதாக யாராலும் பேசப்படவில்லை. 2019 இல் ஒரு நட்சத்திரத்துக்கு ‘விபா’ என்று பெயரிட்டார்கள். நல்லதுதான். தட்டு கிடைத்திருந்தால் இன்னும் நல்லது.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. நூற்றாண்டு நிதியில் அலங்கார வளைவு கட்டலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. அதற்கு முன் உயர்தர ஆய்வுகூடத்துக்கு நல்ல நுணுக்குக்காட்டிகள் வாங்குவோம். வாவிக் காற்றின் ஈரத்தில் வில்லைகளில் பூஞ்சணம் பிடிக்கும்; அவற்றை வைக்க உலர்ந்த அலுமாரி ஒன்றும் வேண்டும்.