புதுச்சேரி போய் வந்தோம்
(ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)

மைக் பிடிச்சுப் பேசுறது இதுதான் முதல் தடவை. தப்பாப் பேசினா கீழே இறங்கினப்புறம் சிரிச்சுக்கங்க.

போன தை மாசம் நம்ம கூட்டமைப்புல இருந்து புதுச்சேரி போனோம். "ரெண்டு நாள் ஆட்டை யாரு பார்க்கிறது?"ன்னு மாமியார் கேட்டாங்க. கடைசியில அவங்களே பார்த்துக்கிட்டாங்க. செம்மேட்டுல ராத்திரி வண்டி ஏறினோம். 70 கொண்டை ஊசி வளைவு இறங்குறதுக்குள்ள பாதிப் பேருக்கு வாந்தி. ஆத்தூர், விழுப்புரம் தாண்டி விடியக்காலம் கடற்கரையில இறங்கினோம்.

கடலை நான் பார்த்ததே இல்லை. ஆகாய கங்கை சத்தம் கேட்டு வளர்ந்தவங்கதான் நாம. ஆனாலும் பயமா இருந்துச்சு. எங்க குழு ஆயா ஒருத்தங்க தண்ணியைத் தொட்டு நாக்குல வெச்சுப் பார்த்துட்டு, "இவ்வளவு கிடந்தும் ஒரு குடம் குடிக்க ஆகாதே"ன்னாங்க.

அந்த ஊரை பிரெஞ்சுக்காரங்க ஆண்டாங்க. நமக்கு 1947-ல சுதந்திரம். அவங்க விட்டுப் போனது 1954 நவம்பர் 1-ம் தேதி. சட்டப்படி இந்தியாவோட சேர்ந்தது 1962-ல. போலீஸ்காரங்க இன்னும் சிவப்புத் தொப்பிதான் போடுறாங்க. நடுவுல ஒரு வாய்க்கால். அந்தக் காலத்துல கடல் பக்கம் வெள்ளைக்காரங்க, இந்தப் பக்கம் நம்ம ஆளுங்க.

என் மனசுல நின்னது பாரதி பூங்காவுல இருக்கிற ஆயி மண்டபம். ஆயி ஒரு தாசி. அவ வீட்டு விளக்கு வெளிச்சத்தைக் கோயில்னு நினைச்சு கிருஷ்ணதேவராயர் கும்பிட்டாராம். விஷயம் தெரிஞ்சதும் வீட்டை இடிக்கச் சொல்லிட்டாராம். அவ தானே இடிச்சு, அந்த இடத்துல ஊருக்குக் குளம் வெட்டினாளாம். கதையா நிஜமான்னு தெரியாது. ஆனா கும்பிட்டது ராஜா, வீடு போனது அவளுக்கு. இது எனக்கு நியாயமாப் படலை. பின்னாடி பிரெஞ்சு அரசர் மூன்றாம் நெப்போலியன் காலத்துல, முத்திரையர்பாளையத்துல இருந்து நகரத்துக்குக் குடிதண்ணி கொண்டு வந்தாங்க. அப்பத்தான் அவ பேருல இந்த மண்டபம் எழும்புச்சு. இன்னைக்குப் புதுச்சேரி அரசாங்க முத்திரையிலயும் அதுதான் இருக்கு.

அங்கே நிக்கையில எங்க ஊர்த் தண்ணித் தொட்டி ஞாபகம் வந்துச்சு. மோட்டார் கெட்டு அஞ்சு மாசம். மறுபடியும் ஊத்துக்கு நடக்கிறோம். குடம் தூக்கிறது நாம. கிராம சபையில பேசுறது மட்டும் ஆம்பளைங்க. பத்தாவது வரைக்கும் படிச்ச நானும் கையெழுத்துப் போட்டுட்டு வந்துடுவேன்.

மே 1 கிராம சபையில எந்திரிச்சுக் கேட்டேன். குரல் நடுங்குச்சு. "உனக்கு எதுக்கும்மா"ன்னு ஒருத்தர் சொன்னார். எங்க ஆயா, "அவ பேசட்டும், நீ உட்காரு"ன்னாங்க. தீர்மானத்துல எழுதிக்கிட்டாங்க. மோட்டார் இன்னும் ஓடலை. ஆகஸ்ட் 15-க்கு எங்க குழுவுல எல்லாரும் போறோம். பக்கத்து ஊர்க் குழுவும் வாங்க. காலையிலேயே வந்துடுங்க, முன்வரிசையில உட்காரணும்.